விதை வங்கியில் வைத்தாயிற்று, அப்புறம் செடி எதற்கு?

கேள்வி:
பயிர்களின் காட்டு உறவுகளைப் பற்றி, அதாவது பயிர்களுக்கு நெருங்கிய இனமான காட்டுச் செடிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சந்தேகம். காட்டு நெல் விதையை நன்றாக உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது என்கிறார்கள். சரி, அப்படியென்றால் அது வளரும் குட்டையையும் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

பதில் 1:
எந்தச் செடி நாளைக்குக் கைகொடுக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, சிக்கலே அதுதான். புகையான் பூச்சி பரப்பும், செடியைக் குள்ளமாக்கும் புல்தழைக் குட்டை நோய் ஆசியாவில் நெல்லை வாட்டியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே மாதிரி, அதிலும் சில செடிகள் மட்டும். 1976இல் வந்த ஐ.ஆர்.36 நெல் ரகத்துக்கு அந்தக் குணம் அங்கிருந்துதான் வந்தது. சேகரித்தவர் அதற்கு முந்தைய குட்டையிலேயே வேலையை முடித்துத் திரும்பியிருந்தால் அது கிடைத்திருக்குமா?

பதில் 2:
காட்டு நெல்லில் ஒருமுறை விதை எடுத்துப் பாருங்கள், புரியும். கதிர் ஒன்றாக முற்றாது. நுனி மணி விரல் பட்டதுமே சேற்றில் உதிர்ந்துவிடும், அடியில் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். கதிரில் வலைப்பை கட்டிவிட்டுக் காத்திருந்து எடுத்தாலும் கிடைப்பது கைப்பிடிதான். வங்கியில் அந்தக் கைப்பிடி அப்படியே உறங்கும். குட்டையில் நிற்கும் செடியோ ஆண்டுதோறும் புது நோயோடும் வறட்சியோடும் மல்லுக்கட்டி மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும்.

கேட்டவர்:
அப்போது சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் போதுமா?

பதில் 3:
அவசரப்படாதீர்கள், சில செடிகளுக்கு வேலியே எமன். மெக்சிகோவின் மனந்த்லான் மலையில் மக்காச்சோளத்தின் காட்டு உறவு ஒன்று, பல ஆண்டு வாழும் செடி, இருக்கிறது, சியா டிப்ளோபெரென்னிஸ். 1979இல் உலகுக்கு அறிவித்தார்கள், 1987இல் அந்த மலையே உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனால் அது செழிப்பது வெயில் விழும் திறந்தவெளியில், மக்கள் விதைத்துவிட்டுத் தரிசாகப் போட்ட கொல்லையில். ஆள் நடமாட்டத்தை நிறுத்திக் காடு மூடினால் அது ஒடுங்கிவிடும். சில காட்டு நெல்லுக்கோ தொல்லை எதிர்ப்பக்கம்: ஒட்டியுள்ள வயலின் மகரந்தம் கலந்து கலந்து, பார்வைக்குக் காட்டு நெல்லாகவும் உள்ளே பாதி பயிர் நெல்லாகவும் ஆகிவிடும். அதனால் விதைப்பையோடு ஒரு குறிப்பும் வையுங்கள்: மாடு மேய்கிறதா, எந்த மாதம் தண்ணீர் வற்றுகிறது, அடுத்த வயல் எத்தனை அடியில்.