இலக்கங்கள் நினைவில் நிற்கின்றன, வரிசை மட்டும் ஏன் பிறழ்கிறது?

கேள்வி:
ஒன்பது இலக்கங்களை ஒருமுறை கேட்டு, அதே வரிசையில் எழுதும் பயிற்சியைச் சில வாரங்களாகச் செய்து வருகிறேன். பெரும்பாலும் எல்லா இலக்கங்களும் தாளில் இருக்கின்றன. நடுவே அடுத்தடுத்த இரண்டு மட்டும் இடம் மாறிவிடுகின்றன. ஒவ்வோர் இலக்கமும் அடுத்ததை நினைவூட்டும் சங்கிலியாகவே வரிசை பதிகிறது என்று எண்ணியிருந்தேன். அப்படியானால், ஒரு கண்ணி அறுந்ததும் பின்வருபவை அனைத்தும் குலைய வேண்டும். எனக்கோ இறுதி இலக்கங்கள் சரியாகவே வருகின்றன. இதை எவ்வாறு புரிந்துகொள்வது?

பதில் 1:
உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. சங்கிலி விளக்கம் போதாது என்று உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1951இலேயே வாதிட்டார். ஆனால் என்னை முழுமையாக நம்பவைத்த சான்று ஒலி ஒப்புமை பற்றியது. கண்ணால் வாசித்த ஆங்கில எழுத்துகளைக்கூட, 'பி' (B), 'வி' (V) என்பவை போல ஒலியால் நெருங்கியவற்றோடு நாம் குழப்பிக்கொள்கிறோம் என்று உளவியலாளர் கான்ராட் 1964இல் காட்டினார். இத்தகைய எழுத்துகளையும் தெளிவாக வேறுபடும் எழுத்துகளையும் மாறி மாறி அடுக்கினால், சங்கிலிக் கொள்கைப்படி, குழப்பமான எழுத்தை அடுத்து வரும் தெளிவான எழுத்தும் தடுமாற வேண்டும். ஹென்சன், நோரிஸ், பேஜ், பேட்லி ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வாறு நிகழவில்லை. பட்டியல் முழுவதும் தெளிவான எழுத்துகளாக இருந்தால் எவ்வளவு சரியாக வருமோ, அவ்வளவு சரியாகவே அவை வந்தன.

பதில் 2:
சங்கிலி இல்லையெனில் வேறு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தோடு பிணைக்கப்படுகிறது என்றும், அண்டை இடங்களின் அடையாளங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் அண்டை இலக்கங்கள் மாறிக்கொள்கின்றன என்றும் கொள்ளலாம். பட்டியலின் இரு முனைகளுக்கும் ஒரு பக்கத்தில்தான் அண்டை உண்டு. அங்கே பிழை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். மும்மூன்றாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். பிழைகள் குறையும், எஞ்சுபவற்றில் சில, ஒரு குழுவின் நடு இலக்கம் மற்றொரு குழுவின் நடுவில் போய் அமர்வதாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
பிரித்துப் பார்த்தேன், இரண்டாவதும் ஐந்தாவதும் இடம் மாறியதை இருமுறை கண்டேன். மற்றொன்றையும் கவனித்தேன்: மூன்றாவதைத் தவறவிட்டு நான்காவதை எழுதினால், அடுத்து ஐந்தாவது வராமல், விடுபட்ட மூன்றாவதே வருகிறது.

பதில் 2:
ஆய்வுகளிலும் இந்தப் போக்கே மிகுதி. பேஜ், நோரிஸ் ஆகியோர் 1998இல் முன்வைத்த மாதிரியின்படி, முதல் உறுப்பு மிக வலுவாகவும் அடுத்தடுத்தவை படிப்படியாக வலுக் குறைந்தும் பதிகின்றன. ஒவ்வொரு முறையும் வலுமிக்கதே வெளிவந்து, உடனே அடக்கப்படுகிறது. உங்கள் மூன்றாவது இலக்கம் வெளிவராததால் அடக்கப்படவும் இல்லை. ஆகவே அது ஐந்தாவதை முந்துகிறது. ஆயினும், குழுக்களுக்கிடையே நீங்கள் கண்ட இடமாற்றத்தை வலுச்சரிவு ஒன்றால் மட்டும் விளக்க இயலாது. அதற்கு இட அடையாளமும் தேவை என்றே கருதுகிறேன்.