உதவி தேவை: புட்டியை வாயில் வைத்த சிறிது நேரத்தில் மகள் வீறிட்டு அழுகிறாள், எந்தப் புட்டி வாங்கலாம்?

மகிழினி_அம்மா (இரவு 9.10)

வணக்கம். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். மகள் புட்டியில் சிறிது நேரம் நன்றாகத்தான் உறிஞ்சுகிறாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டு அழுகிறாள். மலிவானது, விலை உயர்ந்தது, வயிற்று உப்புசம் வராது என்று அட்டையில் அச்சடித்தது என்று எல்லா வகையும் வாங்கியாகிவிட்டது, எதிலும் மாற்றமில்லை. நல்ல புட்டியாக ஒன்றைச் சொன்னால் இன்றிரவே வரவழைத்துவிடுவேன்.

காவேரிக்கரை (9.24)

சகோதரி, குழந்தையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் புட்டியை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? வயது என்ன, நிறைமாதத்தில் பிறந்தவளா, இப்போது எடை எவ்வளவு? புட்டியில் இருப்பது பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலா, பவுடர் பாலா? அப்போதே எடுத்ததா, ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதா? புகட்டுவது நீங்களா, வேறு யாராவதா? நிப்பிளின் மேல் பொறித்திருக்கும் எண் என்ன?

நட்டும்_போல்ட்டும் (9.31)

இதற்கு இவ்வளவு விசாரணை தேவையில்லை. துளை சிறியது, பால் வரவில்லை, பிள்ளைக்குக் கோபம் வருகிறது. தையல் ஊசி ஒன்றை அடுப்பில் காட்டிப் பழுக்கவைத்து, நிப்பிளின் துளையில் ஒருமுறை செருகி எடுங்கள். என் பிள்ளைகள் இருவருக்கும் அப்படித்தான் செய்தோம். இருவரும் நன்றாகவே வளர்ந்திருக்கிறார்கள்.

காரைக்குடி_ஆச்சி (9.38)

கண்ணு, பிள்ளை பாலை மறுத்து அழுதால் முதலில் உரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கும்போது கழுத்துப் பக்கம் அசங்கியிருந்தாலும் பிள்ளை பால் குடிக்காது. ஊரில் உரம் எடுப்பவர் யாராவது இருந்தால் காட்டிவிடு. அதுவும் இல்லையென்றால் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இருக்கிறதே, அந்தப் பாலாடையில் கொடு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பாலாடையில் குடித்துத்தான் வளர்ந்தது.

பரிதிவாணன் (மூத்த உறுப்பினர், 9.52)

இதே கேள்வி மாதந்தோறும் இங்கே வருகிறது. மேலே தேடுபெட்டி என்று ஒன்று இருப்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதேயில்லை. இருந்தாலும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன். ‘நல்ல புட்டி’ என்று ஒன்று கிடையாது. ஒரு நிறுவனத்தின் முதலாம் எண் நிப்பிளில் வரும் பால் வேகம் இன்னொரு நிறுவனத்தின் இரண்டாம் எண்ணை மிஞ்சக்கூடும், ஏனெனில் இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் ஏதுமில்லை. மேலும், 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் நாட்டில் பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதையே தடுத்திருக்கின்றன. அப்படியிருக்க, யாரோ ஒருவர் காணொளியில் புகழ்ந்தார் என்பதற்காகப் புட்டிமேல் புட்டி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

வார்டு_செவிலி (10.05)

ஐயா, இரவு பத்து மணிக்கு ஒரு தாயிடம் சட்டப் பிரிவுகளைச் சொல்வதால் குழந்தைக்குப் பால் இறங்கிவிடாது.

சகோதரி, ஊசியைப் பழுக்கவைத்துத் துளையைப் பெரிதாக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்த துளை எவ்வளவு பெரிதாகும் என்பது யார் கையிலும் இல்லை. பால் மடமடவென்று கொட்டினால் குழந்தைக்குப் புரையேறும், ஓரம் கிழிந்த சிலிக்கோன் துணுக்கு வாய்க்குள்ளும் போகலாம். வேகம் போதவில்லை என்றால் அதே நிறுவனத்தின் அடுத்த எண் நிப்பிள் தனியாகவே கடையில் கிடைக்கும்.

அதற்கும் முன்னால் இதைச் சொல்லுங்கள்: குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, எடை ஏறாமல் நிற்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் புட்டியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். பால் குடிக்கும்போது வியர்ப்பதும் களைத்துப்போவதும் இதயக் கோளாற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆச்சி சொன்ன உரம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கைக்குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவதையும் துணியில் போட்டு உருட்டுவதையும் எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மகிழினி_அம்மா (10.20)

எல்லோருக்கும் நன்றி. ஐந்து மாதம், நிறைமாதப் பிரசவம், எடை 6.6 கிலோ, போன வாரம்தான் மருத்துவர் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வியர்வை, மூச்சிரைப்பு எதுவுமில்லை. என் பால்தான், பெரும்பாலும் ஃபிரிட்ஜில் வைத்தது. அத்தை மடியில் படுக்கவைத்துப் புகட்டுகிறார். நான் அறையில் இருந்தால் அவள் புட்டியைத் தொடுவதே இல்லை. நிப்பிளில் 1 என்று இருக்கிறது. இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை: கொஞ்ச நேரம் உறிஞ்சியதும் நிப்பிள் உள்ளே அமுங்கித் தட்டையாகிவிடுகிறது, அப்போதுதான் அழத் தொடங்குகிறாள்.

யாழ்_டொரன்டோ (10.34)

புட்டி எந்தப் பொருளில் செய்தது என்று ஒருவருமே கேட்கவில்லை. கனடாவில் நாங்கள் சூப்பிப் போத்தல் வாங்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். பாலிகார்பனேட் போத்தலில் இருந்த பிபிஏ என்ற வேதிப்பொருளுக்கு எதிராக இந்நாடு 2008-இலேயே நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. இப்போது வரும் பாலிப்ரொப்பிலீன் போத்தலும் குற்றமற்றதன்று. கொதிநீர் பட்டால் அதிலிருந்து நுண்நெகிழித் துகள்கள் ஒரு லீற்றருக்குக் கோடிக்கணக்கில் உதிரக்கூடும் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். கண்ணாடிப் போத்தல் வாங்குங்கள்.

நட்டும்_போல்ட்டும் (10.41)

கண்ணாடி கையிலிருந்து நழுவி உடைந்தால் அந்தச் சில்லுகளைப் பொறுக்க டொரன்டோவிலிருந்து நீங்கள் வருவீர்களா? அந்த ஆய்வு துகள்களை எண்ணியதே தவிர, அதனால் குழந்தைக்கு இன்ன தீங்கு என்று சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியிலும் நிப்பிள் அதே சிலிக்கோன்தான்.

யாழ்_டொரன்டோ (10.47)

தீங்கு உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும் என்பது உங்கள் வாதமா? போரோசிலிகேட் கண்ணாடி நீங்கள் நினைப்பதுபோல் தொட்டவுடன் உடைவதில்லை, அதற்குச் சிலிக்கோன் உறையும் விற்கிறார்கள். கொஞ்சம் கனம் என்பது மட்டுமே குறை.

காவேரிக்கரை (10.58)

புட்டி கண்ணாடியா நெகிழியா என்ற வழக்கை நீங்கள் இருவரும் விடியும் வரை நடத்தலாம். இந்தக் குழந்தை அழுவதற்குக் காரணம் அதுவன்று. விடை அவர் கடைசியாகச் சொன்ன வரியில் இருக்கிறது.

சகோதரி, நிப்பிள் தட்டையாகிறது என்றால் புட்டிக்குள் காற்று நுழையவில்லை. பால் வெளியேறிய இடத்தைக் காற்று வந்து நிரப்பாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, குழந்தை எவ்வளவு உறிஞ்சினாலும் நிப்பிளைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். புட்டியை மாற்றியும் பயனில்லாமல் போனதற்கு, எல்லாப் புட்டியையும் ஒரே கை ஒரே மாதிரி இறுக்கி மூடுவதே காரணமாக இருக்கலாம். நிப்பிளைப் பிடித்திருக்கும் திருகு வளையத்தை, பால் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் பெரும்பாலானோர் முழுப் பலத்தோடு திருகிவிடுகிறார்கள். பல புட்டிகளில் காற்று நுழைவதே அந்த வளையத்தின் மரைக்கும் நிப்பிளின் விளிம்புக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி வழியாகத்தான். கசியாத அளவுக்கு மூடிவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பாருங்கள்.

அடுத்து, நிப்பிளைக் கழற்றி அதன் அகன்ற விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்புசம் வராது என்று விற்கும் வகைகள் சிலவற்றில் அங்கே மயிரிழை போன்ற ஒரு கீறலோ மிகச் சிறிய துளையோ இருக்கும். கொதிக்கவைத்து உலர்த்திய பிறகு அதன் இரு உதடுகளும் ஒட்டிக்கொள்வதுண்டு. காய்ந்த பால் அடைப்பதும் உண்டு. விரல் நுனிகளுக்கிடையே வைத்து மெல்ல நசுக்கினால் திறந்துகொள்ளும். சில புட்டிகளில் இதற்கென்று தனி வால்வோ குழாயோ அடியிலோ நடுவிலோ வரும். கழுவும்போது அது மாறிப்போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், குழந்தை உறிஞ்சும்போது பாலுக்குள் பொடிக் குமிழ்கள் மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். குமிழ் வராவிட்டால் காற்றும் போகவில்லை.

துளையின் வேகத்தை இதற்குப் பிறகு பாருங்கள். புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கம்பியாக ஒழுகக் கூடாது. ஐந்து மாதத்துக்கு அட்டையில் இரண்டாம் எண் என்று போட்டிருக்கலாம். முலைப்பாலும் குடிக்கும் குழந்தைக்கு எண்ணை ஏற்ற அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. புட்டியில் பால் எளிதாகக் கொட்டப் பழகிவிட்டால் மார்பில் முயன்று குடிக்க அலுத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு.

வார்டு_செவிலி (11.10)

காவேரிக்கரை சொன்னதோடு இன்னும் கொஞ்சம். அத்தையிடம் குழந்தையைப் படுக்கவைக்காமல், நிமிர்த்தி உட்காரவைத்த நிலையில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். புட்டியையும் கவிழ்த்துப் பிடிக்காமல் ஏறக்குறைய படுக்கைவாட்டில் பிடித்து, நிப்பிளில் பால் நின்றால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மிடறுகளுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். நிப்பிளை வாய்க்குள் திணிக்காமல் உதட்டில் தொட்டுக் காட்டி, அவளே வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். பசி முற்றி அழத் தொடங்கிய பிறகு புட்டியைப் பழக்க முடியாது. லேசான பசியில் தொடங்குங்கள்.

ஃபிரிட்ஜ் பாலை ஒருமுறை முகர்ந்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சிலருடைய பாலில் கொழுப்பு சீக்கிரம் பிரிந்து சோப்பு வாடை வந்துவிடும். பால் கெட்டுவிடவில்லை என்றாலும் சில குழந்தைகள் அதை ஒதுக்கும். அப்படியானால் அப்போதே எடுத்த பாலைக் கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். வெளியே 25 பாகைக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம், நம் ஊர்க் கோடையில் அவ்வளவுகூட நம்பக் கூடாது. சூடாக்குவதற்கு வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் போதும், மைக்ரோவேவ் கூடாது. ஓரிடத்தில் வெதுவெதுப்பாகவும் இன்னோரிடத்தில் வாயைச் சுடும் சூடாகவும் இருக்கும்.

காரைக்குடி_ஆச்சி (11.16)

இவ்வளவு வளையமும் வால்வும் கவனிக்கிற நேரத்தில் பாலாடையில் ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும். கழுவுவதும் ஒரு நிமிட வேலை.

பரிதிவாணன் (11.25)

ஆச்சி சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. முலைப்பால் குடிக்கும் குழந்தைக்குச் செயற்கைக் காம்பே கூடாது என்றுதான் 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலூட்டலுக்காக வகுத்த பத்துப் படிகளில் சொல்லியிருந்தது. இதை நான் பலமுறை இங்கே எழுதியிருக்கிறேன்.

வார்டு_செவிலி (11.33)

அதே படி 2018-இல் திருத்தப்பட்டு, புட்டி, காம்பு ஆகியவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு விளக்க வேண்டும் என்று மாறியதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். பாலாடை நல்லதுதான், குறைமாதக் குழந்தைகளுக்கு எங்கள் வார்டில் அதைத்தான் பயன்படுத்துகிறோம், கழுவுவதற்கும் புட்டியைவிட எளிது. ஆனால் அதிலும் பாலை ஊற்றக் கூடாது, உதட்டில் வைத்துக் குழந்தை தானாக எடுத்துக்கொள்ளவிட வேண்டும். ஐந்து மாதக் குழந்தை கையால் தட்டிவிட்டுப் பாதியைச் சிந்திவிடும் என்பதையும் ஆச்சி அறிவார்.

காரைக்குடி_ஆச்சி (11.37)

துணியில் கையைச் சுற்றிக்கொண்டால் ஏன் சிந்தப் போகிறது?

யாழ்_டொரன்டோ (11.40)

பாலாடை எதில் செய்தது என்பதையும் பார்த்து வாங்குங்கள். எவர்சில்வர் என்றால் சரி, இப்போது நெகிழியிலும் விற்கிறார்கள்.

மகிழினி_அம்மா (மறுநாள், காலை 7.05)

வளையத்தைத் தளர்த்தினோம், இப்போது குமிழ் வருகிறது. அத்தை உட்காரவைத்துக் கொடுத்ததில் 70 மில்லி குடித்தாள், அழவில்லை. சோப்பு வாடை லேசாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, இன்று புதுப் பாலில் பார்க்கிறோம். மிக்க நன்றி, அவசரமாகக் கிளம்புகிறேன்.

நட்டும்_போல்ட்டும் (7.30)

வளையமோ ஊசியோ, பால் வரவில்லை என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பரிதிவாணன் (8.12)

தீர்வு கிடைத்த இழைகளின் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்ப்பது இங்குள்ள வழக்கம்.

புதுக்கோட்டை_அப்பா (மூன்று வாரம் கழித்து)

எங்கள் மகனுக்கும் இதே தொல்லைதான். வளையத்தைத் தளர்த்தினால் குமிழ் வருகிறது, ஆனால் வாயோரம் பால் வழிகிறது. மகிழினி அம்மா, நீங்கள் அதே முதலாம் எண் நிப்பிளையே தொடர்ந்தீர்களா, சோப்பு வாடைக்கு என்ன செய்தீர்கள்?