ஒரே வீட்டில் இரண்டாவது அடுப்பு: அத்தை மனசு நோகாமல் எப்படிச் செய்வது?

கேட்டவர்: மூத்த மருமகள்

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அத்தை, மாமா, நாங்கள், எங்கள் இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி என்று எட்டுப் பேருக்கு ஒரே உலை. கொழுந்தனாருக்குப் போன வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. இப்போது தனிக் குடும்ப அட்டை வாங்க வேண்டும் என்கிறார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான். எங்கள் அட்டைக்கு அத்தை வாங்குகிறார். சின்னவளும் வாங்க வேண்டுமென்றால் தனி அட்டை வேண்டும், தனி அட்டைக்குத் தனிச் சமையல் வேண்டும். அதனால் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மேடை கட்டி அடுப்பு வைத்துவிடலாம் என்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சை எடுத்தார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் என்னிடம் மட்டும், "நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு உலை கொதிக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து சின்னவளிடம் பேச்சு இல்லை.

அத்தை கொடுமைக்காரர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் அரிசி அளப்பது அவர் மட்டும்தான். முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. அளந்து முடித்ததும் ஒரு பிடி அள்ளித் திரும்பக் குதிரிலேயே போடுவார். புது புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பது, சித்திரை வெயிலில் மிளகாயும் மல்லியும் மாடியில் காய வைத்து மில்லுக்கு அனுப்புவது, வடாம் பிழிவது எல்லாம் வருஷம் முழுக்க மொத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான். அவருக்கு இன்னொரு அடுப்பு என்றால் அது பாகப்பிரிவினை.

சின்னவளும் நல்ல பெண். டவுனில் கணக்கு எழுதும் வேலை, எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தலைக்குக் குளிக்கிற நாளில் அவள் பாதி நாள் காபி கூடக் குடிக்காமல் ஓடுகிறாள். தனக்குப் பிடித்ததைத் தன் கையால் சமைத்துப் புருஷனுக்குப் போட வேண்டும் என்ற ஆசை எந்தப் பெண்ணுக்கும் இருக்கும்தானே.

ஒரே கூரைக்குள் இரண்டு அடுப்பு எரிந்தும் ஒரே குடும்பமாக இருக்கிற வீடுகள் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நெல்வயல்

அட்டை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். புது அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையில் இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும், கொழுந்தனார் பெயரையும் உங்கள் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆனால் அட்டை வந்ததும் ஆயிரம் ரூபாய் தானாக வந்துவிடாது. திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள் என்றெல்லாம் விதி வைத்தார்கள். இரண்டு பேர் சம்பாதிக்கிற குடும்பம் என்றால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிடைக்காத பணத்துக்காக அந்த அம்மாவை அழ வைக்க வேண்டாம். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் அடுப்பை வைத்துக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பதில்: வளவுக்காரி

காரைக்குடிப் பக்கம் எங்களுக்கு இது வழிவழியாக வந்த வழக்கம். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் கொஞ்ச நாளில் 'வேறு வைப்பது' என்று ஒன்று உண்டு. அதே வீடுதான், வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, சமையல் மட்டும் தனி. கோயிலிலும் கல்யாணமான மகனைத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, சேர்த்துக்கொள்வார்கள், புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரி. அதற்காக அவன் குடும்பத்தை விட்டுப் போனவன் ஆகிவிட மாட்டான்.

இதில் கவனிக்க வேண்டியது, வேறு வைப்பது பெரியவர்கள். மகன் கேட்டு வாங்குவதில்லை. மாமியாரே நல்ல நாள் பார்த்து, அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் எடுத்துக் கொடுத்து உட்கார வைப்பார். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று வீட்டிலிருந்தே கொடுத்ததும் உண்டு. செலவைக் கட்டுப்படுத்திக் குடித்தனம் நடத்தப் புது மருமகள் அப்படித்தான் பழகினாள், பெரியவர் கண் முன்னாலேயே. என் அப்பத்தா வீட்டில் மூன்று மருமகள்களுக்கும் தனித்தனி அடுப்பு. காலையில் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக் கிண்ணத்தில் போகாத நாள் கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து அந்த வளவில் பெரிய சண்டை வந்ததில்லை, காரணம் எது பொது, எது தனி என்பது எல்லோருக்கும் தெரியும்.

விசேஷம் என்றால் பொதுச் சமையல். பிள்ளையார் நோன்பு அன்றைக்கு, திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், எல்லா அடுப்புக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து வீட்டுப் பெரியவர் கையால்தான் இழை, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி, எடுத்துக்கொள்வோம். திரி எரிய எரிய மாவோடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்வது. வெளியூரில் இருப்பவர்கள் கூட அந்த நேரத்துக்கு வந்து சேரப் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டில் விஷயம் தப்பான முனையிலிருந்து தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். சின்ன மகன், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், அரசாங்கப் பணத்தைக் காரணம் காட்டிக் கேட்டார். அது அந்த அம்மாவுக்கு, 'உன் சோறு வேண்டாம்' என்றுதான் காதில் விழுந்திருக்கும். இனி உங்கள் வீட்டுக்காரரோ மாமாவோ பேசட்டும். "நீங்களே நாள் பார்த்து, நீங்களே அரிசி அளந்து கொடுத்து, அவர்களை உட்கார வையுங்கள்" என்று கேளுங்கள்.

பதில்: பேத்திகளின் பாட்டி

நான் மாமியார் பக்கம் இருந்து எழுதுகிறேன் கண்ணு. எனக்கும் இரண்டு மருமகள்கள். இந்த வயதில் எங்களுக்கு அடுப்பு பெரிதில்லை. நாளைக்கு உடம்பு முடியாமல் படுத்தால் யார் வீட்டு அடுப்பிலிருந்து எனக்குக் கஞ்சி வரும், அதுதான் ராத்திரி தூங்க விடாது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டோம், கோபமாகத்தான் வெளியே வரும். அதனால் பேசும்போது முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்.

குதிர், புளிப்பானை, மிளகாய்த்தூள், வடாம் எல்லாம் அவர் கையிலேயே பொதுவாக இருக்கட்டும். இரண்டு அடுப்புக்கும் அவரே அளந்து கொடுக்கட்டும். சின்னவள் காலையில் தன் அடுப்பில் எப்படியும் சமைத்துக்கொள்ளட்டும், அங்கே குளித்தாயா என்று யாரும் கேட்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாடு எட்டுப் பேரும் சேர்ந்து. அப்புறம் அந்தப் பெண் இப்போதே தானாகப் போய்ப் பேச வேண்டும். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாலே போதும், பேச்சு வந்துவிடும்.

பதில்: மூத்த மருமகள்

மூன்று பேருக்கும் நன்றி. கஞ்சி பற்றிப் பாட்டி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாமாவிடம் பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பயப்படுறது அதுக்குத்தான்மா" என்றார். வெள்ளிக்கிழமை அவரே அத்தையிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டையைப் பற்றி இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், வருமானக் கணக்கையும் பார்க்கச் சொன்னார்.

அத்தை சம்மதித்தால் தை பிறந்து ஒரு நல்ல நாளில் அவர் கையாலேயே பால் காய்ச்சலாம் என்று இருக்கிறோம். அதுவரை காலை அவசரத்துக்கு முகவரிச் சான்று கேட்காமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கித் தாழ்வாரத்தில் வைத்தால் சின்னவள் காபியாவது போட்டுக்கொள்வாள். ஆனால் அத்தையிடம் கேட்காமல் அதையும் வாங்கப் போவதில்லை. வளவுக்காரி அக்கா, உங்கள் பக்கம் வேறு வைக்கும்போது முதல் நாள் சமையல் மாமியார் செய்வாரா, மருமகள் செய்வாளா? அதை மட்டும் சொல்லுங்கள்.