மைனஸ் 80 ஃப்ரீசரை 70-க்கு மாற்றலாமா? பங்கை விற்றால் மட்டும் போதுமா?

கேள்வி:
பருவநிலை மாற்றத்தைத் தடுக்க எங்கள் பல்கலைக்கழகம் நிலக்கரி, எண்ணெய் நிறுவனப் பங்குகளை விற்றுவிட்டதாக அறிவித்திருக்கிறது. ஆனால் எங்கள் உயிரியல் லேபில் ஆறு ஃப்ரீசர்கள் இரவும் பகலும் மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் மின்சாரத்தைக் குடித்தபடி ஓடுகின்றன. மைனஸ் 70 போதுமே என்றால், சாம்பிள் கெட்டுவிடும் என்று கைடு (ஆய்வு வழிகாட்டி) மறுக்கிறார். எப்படிப் புரியவைப்பது? பங்கை விற்றதோடு நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்ததா?

பதில் 1:
டிஎன்ஏ, ஆர்என்ஏ, பெரும்பாலான புரதங்களுக்கு 70 தாராளம். உயிருள்ள செல்களை நீண்ட நாள் வைக்கத் திரவ நைட்ரஜன்தான் வேண்டும். அதற்கு மைனஸ் 80-உம் போதாது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் பல லேப்கள் வருடக்கணக்காக 70-இல்தான் வைத்திருக்கின்றன. இந்தப் பத்து டிகிரியில் ஏறத்தாழ 30% மின்சாரம் மிச்சம்.

முதலில் கண்டென்சர் (வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) ஃபில்டரில் தூசி தட்டுங்கள். கதவு ரப்பரில் பனி படிந்திருந்தால் துடைத்தெடுங்கள். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். பிறகு அவ்வளவு முக்கியமில்லாத சாம்பிள் உள்ள ஒரே ஒரு ஃப்ரீசரை மட்டும் மைனஸ் 70-க்கு மாற்றி, நடுத்தட்டில் தனி வெப்பமானி வைத்து இரண்டு வாரம் பதிவு செய்யுங்கள். அந்தத் தாளைக் கைடு முன் வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது அலாரத்தில். அது பழைய 70-லேயே இருந்தால் ராத்திரி முழுக்கக் கத்தும், மறுநாளே யாராவது 80-க்குத் திருப்பிவிடுவார்கள். அலாரத்தை 60-க்கு மாற்றுங்கள்.

பதில் 2:
ஃபியூம் ஹூட்டையும் (ரசாயனப் புகையை வெளியே இழுக்கும், கண்ணாடி முகப்புள்ள கூண்டு) பாருங்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியை இறக்குவது பாதுகாப்புக்கு எப்போதும் நல்லது. ஆனால் மின்சாரம் மிச்சமாவது, கண்ணாடி இறங்கும்போது காற்றோட்டமும் குறையும் வகையில்தான். பழைய வகையில் விசிறி அதே அளவு காற்றைத்தான் இழுக்கும். எது உங்களுடையது என்று பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள்.

பதில் 3:
பங்கை விற்றதோடு பொறுப்பு தீரவில்லை. "விற்றுவிட்டோம்" என்பது பெரும்பாலும் நேரடிப் பங்குகளைத்தான் குறிக்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2021 செப்டம்பரில் அறிவித்தபோதே, தனியார் பங்கு நிதிகள் (பலரின் பணத்தைத் திரட்டி, பெரும்பாலும் பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களில் போடுபவை) வழியாகப் போன பழைய முதலீடு மொத்த நிதியில் 2%-க்கும் குறைவாக இன்னும் இருக்கிறது, அது முதிர்ந்து கழியும் என்றது. அந்த ஒப்பந்தங்களை நினைத்த நாளில் முறிக்க முடியாது. எனவே உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: நிதிகள் வழியாக எவ்வளவு இருக்கிறது, எந்த ஆண்டோடு முடிகிறது?

கூடவே, மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். பல இடங்களில் அது பொதுக்கணக்கில் போகிறது. ஆறு ஃப்ரீசரின் செலவு எந்த லேபின் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் மாட்டச் சொல்லுங்கள்.