பொருள்: நம் செட்டிநாட்டு ஊர்க் கிழக்குத் தெரு வீடுகள் (கருத்தும் பங்கும் இந்த மாசக் கடைசிக்குள்)

அனுப்பியவர்: மீனா, சிங்கப்பூர்

பெரியவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

என் தம்பி ஊரில் முன்னோர் படைப்புக்குப் போய்விட்டுப் போன வாரம் திரும்பினான். அவன் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஊருணிக்கு எதிரே மூணாவது வீடு இப்போது இல்லை. முகப்பு, வளவு (நடு முற்றம்), அதன் பின்னால் இரண்டாங்கட்டு எல்லாம் போய், முன் தெருவிலிருந்து பின் தெரு வரைக்கும் வெறும் மண். தூண்களும் நிலைக்கதவும் பழைய வீட்டுச் சாமான் விற்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்விட்டதாம். மனையைத் துண்டு போட்டு விற்றிருக்கிறார்கள். முதல் துண்டில் எழும்புகிற வீடு தெருவிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது. முன்னால் கார் நிறுத்த இடம், மேலே நீலக் கண்ணாடி, பக்கத்தில் அலுமினியத் தகடு.

ஊராட்சி எப்படி விட்டது என்று நாலைந்து பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அவர்களைக் குறை சொல்லி லாபமில்லை. 2024-லிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருந்தால் ஆன்லைனில் விண்ணப்பித்த உடனே அனுமதி கிடைத்துவிடும். நம் வீடுகள் முழுசாக இருக்கிற வரை இந்தக் கணக்குக்குள் அடங்காது. பங்காளிகள் துண்டு போட்டதும் ஒவ்வொரு துண்டும் அடங்கிவிடும். அதனால் பிளான் போட்ட பிறகு ஓடிப்போய்த் தடுக்க வழியில்லை. விதியிலேயே முன்கூட்டி எழுதியிருந்தால்தான் உண்டு.

அந்த விதியோ தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றுதான், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள். தெரு அகலத்தைப் பார்த்து, முன்னால் இத்தனை மீட்டர் இடம் விட்டுக் கட்டு என்கிறது. நம் தெருவில் திண்ணைகள் தெரு விளிம்பில் ஒரே வரிசையில் நிற்கின்றன. தெரு அழகே அந்த வரிசைதான். சட்டப்படி நடக்கிற நல்ல மனுஷர் ஒருவர் புதுசாகக் கட்டினாலும் அந்த வரிசையை உடைத்துத்தான் ஆகவேண்டும். கண்ணாடியைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. கண்ணாடியை நாளைக்குக் கழற்றிவிடலாம், உள்ளே போன சுவரை வெளியே இழுக்க முடியாது.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2012-ல் சட்டம் வந்தும் ஆணையம் அமையாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டோம். அதற்குப் பிறகு நம் தெருவில் மட்டும் இடிந்தவை உங்களுக்கே தெரியும்.

நமக்கு இருக்கிற வழி இரண்டு. நம் பகுதிக்கு மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால், 1971-ஆம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டப்படி பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் குறைந்தது இரண்டு மாசம் தருவார்கள். அப்போது உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் நேரம் பத்தாது. இன்னொன்று கிராம சபை. மே 1-ல் தீர்மானம் போடச் சொல்லலாம். தீர்மானத்தால் விதி மாறிவிடாது, ஆனால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும்போது ஊரே கேட்கிறது என்று காட்ட அது வேண்டும்.

என்ன கேட்பது என்பதில் என் யோசனை இது. தெரு பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் விதி வைப்போம், உள்ளே அவரவர் விருப்பம். திண்ணை பழைய விளிம்பிலேயே நிற்கட்டும், முன் இட விதியிலிருந்து அதற்கு விலக்குக் கேட்போம். தெருப்பக்கம் உயரம் பக்கத்து முகப்பைத் தாண்டவேண்டாம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் மாடி எழுப்பிக்கொள்ளட்டும். இங்கே சிங்கப்பூரில் எமரால்ட் ஹில், பிளேர் பிளெய்ன் மாதிரி பாதுகாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிகளில் அப்படித்தான், முன்கட்டடத்தைத் தொடக்கூடாது, பின்னால் சேர்த்துக் கட்டலாம். அதனால்தான் அங்கே இன்னும் குடும்பங்கள் குடியிருக்கின்றன.

வெளிப்பூச்சு சுண்ணாம்போ சிமென்டோ எதுவானாலும் சரி, கண்ணாடித் திரையும் தகடும் வேண்டாம். முட்டைச் சுண்ணாம்புதான் பூசணும் என்று எழுதினால், கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாருக்கு எங்கே போவார்கள்? செய்ய முடியாததை எழுதினால் மற்றதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

தண்ணீரையும் எழுதியாகணும். ஓட்டில் விழுகிற மழை வளவுக்கு வந்து, மிஞ்சினது கால் (வாய்க்கால்) வழியாக ஊருணிக்குப் போகிற மாதிரி முன்னோர் அமைத்தார்கள். புது வீட்டுக்காரர் அந்தக் காலை மூடி மேலே கான்கிரீட் போட்டிருக்கிறார். அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது, யாரும் சொல்லவில்லை. மழைநீர்க் கால்களைக் குறித்த வரைபடம் நம் யாரிடமும் இல்லை.

ஆகவே பணம். தெரு முழுக்க அளந்து வரைபடம் போட ஒரு தொகை, கூரை ஒழுகுகிற வீடுகளுக்கு ஒரு நிதி. இரண்டுக்கும் சேர்த்துப் புள்ளிக்கு (கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு) 20,000 ரூபாய் கேட்கிறேன். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு விதியை மட்டும் கேட்டு, செலவை ஊரில் இருக்கிறவர்கள் தலையில் வைப்பது நியாயமில்லை. புதுச்சேரியில் வைசியாள் வீதி முகப்புகளைச் சீராக்கினபோது வெறும் விதியால் செய்யவில்லை, அந்தச் சீரமைப்புத் திட்டமும் பணம் போட்டது, வீட்டுக்காரர்களும் போட்டார்கள்.

மீனா

---

அனுப்பியவர்: சொக்கலிங்கம், டல்லாஸ்

மீனா, எழுதினது நன்றாக இருக்கு. படித்துறை நிதிக்கு ஐந்தொகை (வரவு செலவு முடித்த கணக்கு) எங்கே? கும்பாபிஷேகத்துக்கு முந்தி வாங்கினது. வரவு ஒரு தாள் வந்தது, செலவு வரவே இல்லை. மூணு தடவை கேட்டாச்சு. அந்தக் கணக்கு முடியாமல் புதுப் பேரேடு திறக்கக்கூடாது. எங்க அப்பச்சி மலேயாவில் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்தவர். கணக்கில் அரையணா இடித்தாலும் அன்று ராத்திரி தூங்க விடமாட்டார் என்று ஆத்தா சொல்லும்.

அடுத்தது, கூரை நிதியை இனாமாகக் கொடுக்காதீங்க. வட்டியில்லாக் கடனாக எழுதுங்க. ஓடு மாற்றின வீட்டைப் பத்து வருஷத்துக்குள் இடித்தாலோ விற்றாலோ பணம் சங்கத்துக்குத் திரும்பணும். பத்திரத்தில் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போட்டு ஆறு பேர் போடாத பத்திரத்தை வைத்து என்ன செய்வது? கையெழுத்து வாங்குகிற வேலையே பாதி வீட்டைக் காப்பாற்றிவிடும் என்பது என் எண்ணம். ஏனென்றால் வீடு விழுவது ஓட்டால் இல்லை, ஏழு பேரும் ஒரே மேசையில் உட்காராததால்தான்.

கணக்கு வந்த அன்றைக்கு என் பங்கு வரும்.

---

அனுப்பியவர்: லெட்சுமணன், பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். மீனா ரொம்ப இறங்கிப் போகிறது. சிமென்டும் சரி, பின்னால் மாடியும் சரி என்றால் இன்னும் இருபது வருஷத்தில் திண்ணை மட்டும்தான் நிற்கும். பர்மாத் தேக்கையும் இத்தாலி மார்பிளையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து இழைத்த வீடுகள். 1942-ல் ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்தார். கையில் ஒன்றுமில்லை. அந்த நிலையிலும் ஒரு தூணைக் கழற்றவில்லை. பட்டாலைக் கூடத்துத் தூணைத் தொட்டுத்தான் எங்களை எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

மழை வந்தால் வளவின் நாலு மூலையிலும் அண்டா வைப்போம். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையைப் பிடி என்று அப்பத்தா சத்தம் போடும். அந்தத் தண்ணீரில்தான் தீபாவளி வரைக்கும் பருப்பு வேகும். என் பேரன்களுக்கு அதைச் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். காட்டுவதற்கு வீடு வேண்டாமா?

என் கருத்தைப் பதிவு செய்யுங்கள்: சுண்ணாம்புதான், நாட்டு ஓடுதான், தரைக்கு ஆத்தங்குடிக் கல்தான். நம் தெருவில் வெளி ஆட்களுக்கு விற்கவே கூடாது. இந்த ஊர் ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறினது. கட்டடத்துக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? பணத்துக்குக் கவலை வேண்டாம், நான் மூணு பங்கு போடுகிறேன்.

---

அனுப்பியவர்: அழகப்பன், மெல்போர்ன்

பேர் போடாமல் எழுதினாலும் இடித்த அந்த மூணாவது வீடு எங்க வீடுதான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் நானே எழுதுகிறேன்.

வடக்குப் பக்கக் கூரை உட்கார்ந்தபோது இதே குழுவில் படம் போட்டேன். கடனாகவாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஒருத்தரும் பதில் எழுதவில்லை. பழைய மடல்களில் தேடினால் கிடைக்கும். லெட்சுமணன் அண்ணே, உங்க மகள் கல்யாணத்துக்கு எங்க இரண்டாங்கட்டில்தான் பந்தி நடந்தது. அன்றைக்கு ஒழுகினது, நீங்களும் பார்த்தீங்க, தார்ப்பாய் கட்டினோம். போகும்போது வீடு என்றால் இது வீடு என்று சொல்லிவிட்டுப் போனீங்க.

கடைசி இரண்டு வருஷம் பாம்பும் வௌவாலும்தான் குடியிருந்தன. காவல்காரச் சம்பளத்தை நான் ஒருத்தன் கொடுத்தேன். தூண்களை இறக்கின அன்று நான் ஊரில் இருந்தேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

வெளி ஆள் வெளி ஆள் என்கிறீங்க. வாங்கினவர் பேரம் பேசாமல் வாங்கினார், எங்க படைப்பு அறை இருந்த இடத்தில் எதுவும் கட்டாமல் விட்டிருக்கிறார். நான் கேட்டதற்காக.

ஜார்ஜ் டவுனைப் பற்றி ஒன்று. 2000-ல் வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் அங்கே குடியிருந்த ஜனங்கள் வெளியேறின பிறகுதான் அந்தப் பட்டியலும் வந்தது. அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

---

அனுப்பியவர்: தெய்வானை, ஊரிலிருந்து (விசாலாட்சி ஆச்சி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது)

எல்லாரும் நல்லா இருக்கீங்களா. மீனா எழுதினதை தெய்வானை வாசிச்சுக் காட்டுச்சு. நல்ல புள்ள.

ராத்திரி நம்ம தெருவுல விளக்கு எரியிற வீடு அஞ்சு. வெளியூர்ல இருக்குறவுக எல்லாம் வீடு எப்படி இருக்கணும்னு பேசுறீக. எனக்கு வேண்டியது படுக்குற அறைக்குப் பக்கத்துலயே ஒரு கக்கூஸ். நாலாங்கட்டு தாண்டிப் போக முழங்கால் ஒத்துழைக்கலை. அதுக்குச் சுவத்தை உடைச்சா பங்காளி கேஸ் போடுவேங்கிறான். அவன் பேரு வேண்டாம், அவனும் இதைப் படிக்கிறான்.

தெருவுல தார் மேல தார் போட்டுத் திண்ணைப் படியில ரெண்டு மண்ணுக்குள்ள போயிருச்சு. போன ஐப்பசியில தண்ணி நடையைத் தாண்டி வளவுக்கு வந்துருச்சு. பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாராமே. தெய்வானை பேப்பர்ல பார்த்துச்சு. மொதல்ல அதை எழுதுங்க. கண்ணாடியால என் வீட்டுக்குள்ள தண்ணி வரலை.

புது வீட்டுப் புள்ளைய ஒருத்தரும் வையாதீக. கணக்கெழுதுற வேலை, பேங்க்ல கடன் வாங்கிக் கட்டுது. எனக்கு மருந்து தீர்ந்தா ராத்திரியிலயும் போய் வாங்கிட்டு வருது. தெரு எப்படி இருக்கணும்னு கேக்குறதா இருந்தா அதையும் கேளுங்க. கூட்டத்தை ஊர்ல போடுங்க, என் வீட்டு முகப்புலயே போடுங்க. லெட்சுமணா, நீ எப்ப வர்றே?

---

அனுப்பியவர்: மீனா, சிங்கப்பூர்

ஆச்சி சொன்ன தார் ரோட்டை மனுவில் முதலாவதாக வைத்துவிட்டேன். தண்ணீர்க் கால்கள் இரண்டாவது, திண்ணை வரிசை மூணாவது. பொருட்கள் பற்றிய பத்தியைச் சுருக்கிவிட்டேன். புதுசாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பழைய வீட்டுக்குள் கழிப்பறை, மின்சாரம், சாய்வுப் படி போட எந்தத் தடையும் கூடாது.

சொக்கலிங்கம் அண்ணே, படித்துறைக் கணக்குக் கோப்பு கிடைத்திருக்கிறது. செலவுச் சீட்டுகளைத் தம்பி படம் எடுத்து அனுப்புகிறான், ஐந்தொகையை நீங்களே போட்டுக்கொடுங்கள். அதுவரை புதுப் பணம் வாங்கமாட்டோம். கடன் பத்திர யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

லெட்சுமணன் அண்ணே, வெளி ஆட்களுக்கு விற்கக்கூடாது என்பதை மனுவில் சேர்க்கமாட்டேன். அது சரியும் இல்லை, எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ளவும் செய்யாது. சுண்ணாம்பில் உங்களுக்கு ஆசை இருந்தால் உங்கள் மூணு பங்கில் ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். ஊரிலேயே இரண்டு இளம் கொத்தனார்களை, வேலை தெரிந்தவர் ஒருவரிடம் கூலி கொடுத்துப் பழக விடலாம். ஆள் வந்த பிறகு சுண்ணாம்பைப் பற்றி எழுதுவோம்.

அழகப்பன் அண்ணே, உங்கள் பழைய மடலைத் தேடி எடுத்தேன். நானும்தான் பதில் எழுதவில்லை. உங்கள் வீட்டுப் பழைய படங்கள், அளவுகள் எது இருந்தாலும் அனுப்புங்கள். தண்ணீர்க் கால் எந்த இடத்தில் பின் தெருவுக்குத் திரும்பினது என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் ஒரு தாளில் வரைந்தாவது அனுப்புங்கள். புது வீட்டுக்காரரிடம் அதைக் காட்டித் திறக்கச் சொல்லலாம். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கிற பொறுப்பைத் தெய்வானை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கூட்டம் ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆச்சி வீட்டு முகப்பில். வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்புங்கள், அங்கேயே வாசிக்கிறோம்.