ஒன்பது கட்டில் இருந்தால் அது ஆஸ்பத்திரி இல்லையாம்

செம்பூர்வாசி:
அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கருப்பையில் நார்க்கட்டி. நான்கு மாதமாக ரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்று மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானும் என் தம்பியும் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர்தான். பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி, இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு வைத்த லிஃப்ட், ஒன்பது கட்டில். அம்மாவின் சீட்டுகள் அத்தனையும் அங்கே ஒரு மஞ்சள் அட்டைக்குள் கிடக்கின்றன. மும்பைக்கு வந்து முப்பது ஆண்டாகியும் அம்மாவின் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. அந்த டாக்டரிடம்தான் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் சொல்வாள்.

பதினோரு ஆண்டுகளாக பிரீமியம் கட்டுகிறோம். ஒரு க்ளெய்ம்கூடக் கேட்டதில்லை. போன வாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் செய்தேன். மும்பை போன்ற ஊரில் பதினைந்து கட்டிலாவது இருந்தால்தான் பாலிசியின் கணக்கில் அது மருத்துவமனை என்றார்கள். ஒன்பது கட்டிலுக்கு கேஷ்லெஸும் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) கிடையாது, நாமே கட்டிவிட்டு ரசீதை நீட்டினாலும் பணம் கிடையாது. டாக்டரம்மா சொன்ன செலவு 90,000 ரூபாய். கம்பெனியின் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனை எழுதிக் கொடுத்த மதிப்பீடு 2,10,000. இரண்டு லட்சத்தைக் கொடுப்பார்களாம், தொண்ணூறாயிரத்தைக் கொடுக்க மாட்டார்களாம்! என் அம்மாவின் உடம்பை யார் தொடலாம் என்று தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார். இது நியாயம் என்று நினைப்பவர்கள் வந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.

பழைய_பாலிசி:
நான் நினைக்கிறேன், சகோதரி. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு இப்போது முலுண்டில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவன் நான்.

முதலில், அந்த விதி உங்கள் கம்பெனி எழுதியது அல்ல. ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வரையறை. உரிய சட்டத்தில் மருத்துவமனையாகப் பதிவாகாத இடம் என்றால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் பத்து கட்டில், மற்ற ஊர்களில் பதினைந்து. அதோடு இரவும் பகலும் நர்ஸ், எந்நேரமும் பொறுப்பில் ஒரு டாக்டர், அறுவை அரங்கு, தினசரிப் பதிவேடு. க்ளெய்ம் விசாரணைக்குப் போன காலத்தில் நான் பார்த்த சில நர்சிங் ஹோம்களில் இரண்டு அறையும் மூன்று கட்டிலும்தான் இருக்கும். காய்ச்சலுக்கு ஐந்து நாள் படுத்ததாக பில் வந்திருக்கும். அந்த ஐந்து நாளும் அந்த மனிதர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பணமும் உங்களைப் போன்றவர்கள் கட்டிய பிரீமியம்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அறுவை முடிந்த அன்று இரவு இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் அந்த இரண்டாவது மாடியில் யார் இருப்பார்?

செம்பூர்வாசி:
டாக்டரம்மா இருப்பார். மூன்றாவது மாடியில்தான் அவர் வீடு.

பழைய_பாலிசி:
அது உங்கள் டாக்டரம்மா. அவர் ஒருவரை மனதில் வைத்து விதி எழுத முடியாது.

தொண்ணூறடிச்சாலை:
அக்கா, ஐயா இருவருக்கும் வணக்கம். தாராவியில் ஒரு தையல் பட்டறையில் மேற்பார்வையாளர் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்ற பேச்சைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. என் மனைவியை சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும்போது நாங்கள் டாக்டரின் பெயரைக் கேட்பதில்லை, கிழமையைக் கேட்கிறோம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிழமை. செவ்வாய்க்கிழமை முதல்முறை போனால் செவ்வாய்க்கிழமை டாக்டர்தான் கடைசிவரை. அந்த டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ஆறு மாதத்தில் படிப்பு முடிந்து போய்விட்டார். அடுத்தவர் சீட்டை முதலிலிருந்து படித்தார்.

எனக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு இருந்தது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் அதுவும் போயிற்று. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. இப்போது தனியார் பாலிசி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பவாய்க்காரன்:
இவ்வளவு பேசியும் ஒருவரும் முக்கியமானதைச் சொல்லவில்லையே! 2024 ஜனவரியிலிருந்து எந்த மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் உண்டு என்று பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கவுன்சில் அறிவித்திருக்கிறது. பட்டியலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திட்டமிட்ட அறுவை என்றால் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சரிப்படவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறுங்கள். 2011 முதல் அந்த உரிமையும் இருக்கிறது.

க்ளெய்ம்_மேசை:
தம்பி, அறிவிப்பை முழுவதும் படியுங்கள். அதிலும் பதினைந்து கட்டில் இருக்கிறது. மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். வரையறை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான் என்று பெரியவர் சொல்லிவிட்டார். கம்பெனி மாறி என்ன பயன்?

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவன். நோயாளியின் வீட்டார் என்னைத் திட்டுவார்கள், கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் இடைநிறுவனமான டி.பி.ஏ. என்னைத் திட்டும், மேலே அலுவலகமும் திட்டும். முன் அனுமதி ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில் என்று 2024 மே மாதம் ஆணையம் உத்தரவிட்டது. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகை கம்பெனியின் தலையில். நல்ல உத்தரவு. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது நாங்கள் காகிதம் அனுப்பிய பிறகு. டாக்டர் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவார். மீதி மருந்தைத் திருப்பிக் கொடுத்து, பில் முடிந்து, காகிதம் என் மேசைக்கு வரும்போது பகல் ஒரு மணி ஆகிவிடும். அதுவரை கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பையைக் கட்டி வைத்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி கீழே என் முன்னால் நிற்பார். இதில் கம்பெனியை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செம்பூர் அக்காவிடம் இரண்டு கேள்வி. அந்த 2,10,000 மதிப்பீட்டை எழுதும் முன் பாலிசி இருக்கிறதா என்று கேட்டார்களா? கேட்டிருப்பார்கள். இரண்டாவது, உங்கள் டாக்டரம்மா வேறு எங்கெல்லாம் அறுவை செய்கிறார்? இந்த ஊரில் பல டாக்டர்கள் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள்தான். இடத்தை மாற்றினால் போதும், டாக்டரை மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

பழைய_பாலிசி:
சரியான கேள்வி. மதிப்பீடு வேறு, கம்பெனியோடு பேசி வைத்த பேக்கேஜ் விலை வேறு. அந்தப் பேச்சு எப்படி வந்தது தெரியுமா? 2010 ஜூலை முதல் தேதி நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளும் மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூருவில் பல பெரிய மருத்துவமனைகளுக்கு கேஷ்லெஸை நிறுத்தின. பாலிசிக்காரருக்கு ஒரு விலை, கையிலிருந்து கொடுப்பவருக்கு ஒரு விலை என்று பில் போட்டதுதான் காரணம். அந்த மாதம் என் மேசைத் தொலைபேசி ஓய்ந்த நிமிடம் இல்லை. விலைக்கு ஒப்புக்கொண்ட மருத்துவமனைகளைப் பட்டியல் போட்டு, அவற்றுக்கு மட்டும் கேஷ்லெஸ் கொடுத்தார்கள். பட்டியல் இல்லாமல் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்துவிட்டால் தாராவித் தம்பி பாலிசியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. பாலிசி எடுத்தால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். சில மூன்று லட்சம் பாலிசிகளில் நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று இருக்கும். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் மட்டும் பாதி போகும் என்று நினைக்காதீர்கள். அறுவை நிபுணரின் கட்டணத்திலும் பாதி வெட்டப்படும். மருந்து, பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் வெட்டக் கூடாது.

செம்பூர்வாசி:
பார்த்தீர்களா சார், நீங்களே சொல்லிவிட்டீர்கள். கதவு பூட்டியில்லை, ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு விலை எழுதியிருக்கிறது. ரொக்கம் இருப்பவர் எந்த டாக்டரிடமும் போகலாம். ரொக்கம் இருந்தால் எனக்கு எதற்குக் காப்பீடு? ஏமாற்றும் நர்சிங் ஹோமைப் பிடிக்க உங்களிடம் விசாரணை அதிகாரிகள் இருந்தார்கள். நீங்களே போயிருக்கிறீர்கள். அப்புறம் கட்டிலை ஏன் எண்ணுகிறீர்கள்? பதினாறு கட்டில் போட்டுவிட்டு ஏமாற்ற முடியாதா?

பழைய_பாலிசி:
முடியும். ஏமாற்றியும் இருக்கிறார்கள். வாசலில் நின்று எண்ணக்கூடியது கட்டில்தான், டாக்டரின் நேர்மையை அல்ல. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயம்தான். ஒன்பது கட்டில் இடத்துக்கு 90,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று ஒரு பாலிசி வந்தால் நானே வாங்குவேன்.

தொண்ணூறடிச்சாலை:
ஐயா வாய்திறந்து ஒப்புக்கொண்டதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் விழித்திருந்தேன்.

செம்பூர்வாசி (ஆறு நாள் கழித்து):
க்ளெய்ம் மேசைத் தம்பிக்கு நன்றி. டாக்டரம்மாவிடம் கேட்டேன். இத்தனை ஆண்டில் ஒருமுறையும் கேட்கத் தோன்றவில்லை! புதன்கிழமைகளில் காட்கோபரில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்கிறாராம். பட்டியலில் இருக்கிறது. பேக்கேஜில் அவருக்குக் கிடைப்பது குறைவு. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். முன் அனுமதி ஒரு மணி நேரத்தில் வரவில்லை. ரத்தப்போக்கு எப்போது ஆரம்பித்தது, முதல் சீட்டு எங்கே என்று கேள்வி வந்தது. அட்டையில் அந்தச் சீட்டு இருந்தது. மாலையில் அனுமதி வந்தது. வரும் புதன்கிழமை அறுவை.

வழி கிடைத்துவிட்டது என்பதற்காக விதி சரியென்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மா எங்கும் போகாதவராக இருந்திருந்தால் என் கதி என்ன? அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. தையல் பிரிக்கவாவது மாட்டுங்காவுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பழைய_பாலிசி:
தாராளமாகப் போகலாம். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பின் இத்தனை நாள் என்று உங்கள் பாலிசியில் எழுதியிருக்கும். அதற்குள் டாக்டருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் கேட்டு வாங்கலாம். அதற்குக் கட்டில் கணக்குக் கிடையாது.