பாகங்கள் கிடைக்கின்றன, பிரித்துப் பார்க்கும் கைகள் குறைந்துவிட்டன

பாலிடெக்னிக் ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். வீட்டு மேசையில் சால்டரிங் அயர்னை (பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் கருவியை) சூடேற்றி எதையாவது செய்துபார்க்கும் வழக்கம் மறைந்துவருவதை உணர்த்திய சில சந்திப்புகளை இங்கே பகிர விரும்புகிறேன்.

இறுதியாண்டு மாணவர்கள் மூவர், நிலத்தில் ஈரம் குறைந்தால் மோட்டாரைத் தானாக இயக்கும் கருவி ஒன்றை வாய்மொழித் தேர்வுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது குறையின்றி இயங்கியது. ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சின்) சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) எதிர்த்திசையில் பொருத்தப்பட்டிருப்பது எதற்காக என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், "சார், அது போர்டோடயே வந்தது. கடையில புரோகிராமும் போட்டுத்தான் குடுத்தாங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது. சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது அதன் காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தம் ஒரு கணம் எழுகிறது. அது வடிந்துபோக டயோடு வழிவிடாவிட்டால், ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் பழுதாகிவிடும். முன்பு என்னிடம் படித்தவர்களில் பலர் இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்றிரண்டைப் பலிகொடுத்துக் கற்றிருந்தார்கள். இப்போது டயோடு, டிரான்சிஸ்டர், ரிலே மூன்றும் ஒரே பலகையில் தயாராக வருகின்றன. பலகை பழுதாவதில்லை. ஆகவே, ஏன் பழுதாகவில்லை என்ற கேள்வியும் எழுவதில்லை.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நீண்டகாலமாகச் சில்லறைப் பாகங்கள் விற்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. மாத இதழில் வந்த சர்க்யூட்டைப் பார்த்து, ரெசிஸ்டர்களின் மதிப்பைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வரும் பையன்கள் முன்பு சனிக்கிழமைகளில் வரிசையில் நிற்பார்களாம். "இப்ப வர்றவங்க பாகத்தைக் கேக்குறதில்ல சார். 'இதை வாங்கினா வேலை செய்யுமா?'ன்னுதான் கேக்குறாங்க" என்றார். மீடியம் வேவ் ரேடியோவில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கேங் கண்டென்சரையும், ஒலியைப் பிரித்தெடுக்கும் ஓஏ 79 டயோடையும் கேட்டு ஆள் வருவது அரிதாகிவிட்டது என்றும் சொன்னார்.

இதற்கு இளைஞர்களைக் குறைசொல்வதை நான் ஏற்பதில்லை. ஒருகாலத்தில் கடையில் ரேடியோ வாங்குவதைவிடப் பாகங்களை வாங்கிச் செய்வது மலிவு. இன்றோ புளூடூத் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயர் பலகை, அதன் பாகங்களைத் தனித்தனியே வாங்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1947இல் ஆஸிலோஸ்கோப்பை (மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவியை) வாங்குபவரே கோத்துக்கொள்ளும் தொகுப்பாக விற்கத் தொடங்கிப் புகழ்பெற்ற ஹீத்கிட் நிறுவனம் 1992இல் அத்தொழிலைக் கைவிட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம். பொறிகளே பாகங்களைப் பொருத்தத் தொடங்கியபின், கையால் கோப்பவருக்கு மிச்சமாகும் பணம் இல்லாமல் போயிற்று. பாகங்களும் சிறுத்துவிட்டன. 0402 என்று குறிக்கப்படும் அளவுள்ள ரெசிஸ்டர் 1 மில்லிமீட்டர் நீளமும் 0.5 மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. அதைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லி ஒரு சிறுவனை நாம் தூண்ட முடியாது.

எங்கள் ஊரில் தொலைக்காட்சி பழுதுபார்த்துவந்த நண்பரின் கடையில் எப்போதும் இரண்டு மூன்று பையன்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். போர்டையே மாற்றும் வேலையாக அது மாறியபின், வேடிக்கை பார்க்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

பள்ளி ஒன்றில் அமெச்சூர் வானொலியை (ஆர்வலர்கள் உரிமம் பெற்று, சொந்த வானொலிக் கருவியால் ஒருவரோடொருவர் பேசுவதை) செய்துகாட்டியபோது, போனில் பேசலாமே, இது எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் ஏற்கெனவே வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர்கள், தொலைத்தொடர்பு அறுந்துபோன நிலையில் நலம் விசாரிக்கும் செய்திகளைப் பெருநிலத்துக்குக் கடத்திய வரலாற்றைச் சொன்னேன். பிறகு, ஆன்டெனா கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருப்பது ஏன் என்று அவளே கேட்டு, மாடியில் எங்களோடு கம்பியை அளந்தாள். 12 வயது நிறைந்தவர் இதற்கான உரிமத் தேர்வை எழுதலாம் என்பது அவள் ஆசிரியர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

ஆகவே ஆர்வம் செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்கும் வயதில் பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான ஆர்டுயினோ 2005இலும், கையளவுக் கணினியான ராஸ்பெரி பை 2012இலும் வந்தபின் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. நான் பார்த்த ஒரு பள்ளியில் இத்தகைய கருவிகள் உள்ள பெட்டிகள், அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளுக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. இன்னொன்றில், உடைந்தால் உடையட்டும் என்று ஆசிரியை திறந்துவிட்டிருந்தார். அங்கே பிள்ளைகள் மாலை மணி அடித்தபின்னும் எழுந்து போகவில்லை.

விலைக்கு வாங்கிய பெரிய செயல்திட்டத்தைவிட, தாமே சால்டர் செய்த சிறிய சர்க்யூட்டுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று எங்கள் துறையில் வாதாடி, ஒரு பருவத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறேன். மாணவர்கள் செய்தவற்றில் பாதிக்கு மேல் முதலில் இயங்கவில்லை. அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்பதைச் சக ஆசிரியர்கள் சிலர் இன்னும் ஏற்கவில்லை. அடுத்த துறைக் கூட்டத்தில் மீண்டும் பேச இருக்கிறேன்.